ஞாயிற்றுக்கிழமைக்குப் பேர் கிடையாது

அம்மாவின் குதிகாலில் ஆபரேஷன் நடந்த வியாழக்கிழமை, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தது நானும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சித்தியும் மட்டும்தான். அப்பா இல்லை. அவர் கேரளாவில் ஓர் ஏலத்தோட்டத்தில் காவல் வேலையில் இருந்தார். 'லீவு கேட்டிருக்கேன்' என்று போனில் சொன்னார். அந்த லீவு இன்றுவரை கிடைக்கவில்லை. அக்கா இல்லை. பாச்சலூரில் அவள் மாமியாருக்கு அம்மை போட்டிருந்ததால் வாசல் தாண்டக் கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் எஸ்டேட் கணக்கப்பிள்ளையும் இல்லை. அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் அவர் ஓர் உபகாரம் செய்திருந்தார். அந்த வருடத்தில் அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே சம்பள லீவை அன்றைக்கு எழுதி, அவளுக்கு அன்று பேர் விழும்படி பார்த்துக்கொண்டார்.

பேர் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோல் என்கிற பெரிய நோட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். அது ஒரு பேர். மத்தியானத்தோடு நின்றால் அரைப்பேர். அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய குடியிருப்பில், பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். தேயிலை போய்க் காப்பி வந்தது, மற்றபடி லயமும் காம்பராவும் செக்ரோலும் அப்படியே கூட வந்துவிட்டன. ஊர் உலகம் நாள் என்றும் வாரம் என்றும் எண்ணுவதை அவள் பேர் பேராகத்தான் எண்ணுவாள். அக்கா கல்யாணத்தின்போது பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்த வீட்டிலெல்லாம் 'இன்னும் பதினெட்டுப் பேருதான் இருக்கு' என்று சொல்லி, பதினெட்டுப் பேருக்குத்தான் சாப்பாடா என்று எல்லோரையும் கலங்க வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டர் வந்தார். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும், கீழேயிருந்து வந்துபோகும் எலும்பு டாக்டர். பொறுமையான மனிதர்.

"அம்மா, ஆறு வாரம். குதிகால் தரையில படவே கூடாது. கட்டு நனையக் கூடாது. புரியுதா?"

"அதுக்கு எத்தன பேருங்க ஐயா?"

"ஒரு ஆள் கூட இருந்தாப் போதும்மா. கூட்டம் சேக்காதீங்க."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டாக்டர், தாசில்தார், கண்டக்டர் என்று யார் பேசினாலும் அதை அவளுக்கு அவள் பாஷையில் சொல்வது என் வேலை. போன வருடம் கணக்கில் பட்டமும் வாங்கியிருந்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு வேலைநாள். யோசிக்கக்கூட இல்லை.

"முப்பத்தாறு பேரும்மா," என்றேன்.

"முப்பத்தாறா. சரி தம்பி, இருந்துருவேன்."

இந்த ஒரு பெருக்கலுக்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

குதிகால் நோவு அவளுக்கு ஏழெட்டு வருடமாக உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கிற முதல் அடியில் முள் ஏறினது மாதிரி இருக்கும் என்பாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பத்தடி நடந்த பிறகு கொஞ்சம் இளகும். பிறகு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, காப்பிப் பழமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சாயங்காலம் மறுபடி ஏறும். செங்கல்லைச் சுட வைத்து அதன்மேல் எருக்கிலை போட்டு மிதித்தாள். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் தடவினாள். ஆஸ்பத்திரியில் குதிகாலுக்குள்ளேயே மூன்று தடவை ஊசி போட்டார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற ஒரு செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். என் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டிமேல் வைத்து, டவுனுக்குப் போகும்போது மட்டும் போட்டாள். சரிவில் போட்டால் அழுக்காகிவிடுமாம். சரிவில் வலிக்காமல் இருக்கத்தான் அந்தச் செருப்பு என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. கடைசியில் எக்ஸ்ரேயில் முள் மாதிரி ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, இனி அறுக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர்.

அறுப்பதற்கு அவள் சம்மதித்ததே அக்டோபர் என்பதால்தான். பழம் எடுப்பு நவம்பர் கடைசியில் தொடங்கும். அதற்குள் எழுந்துவிடலாம். எழுந்தே ஆகவும் வேண்டும். நாங்கள் இருந்த காம்பரா எஸ்டேட்டுடையது. ஒரு காம்பராவுக்குச் செக்ரோலில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் காம்பராவுக்கு அம்மாதான் ஆள். பண்ணைக்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தேன். அது எஸ்டேட் கணக்கில் சேராது. கணக்கப்பிள்ளை முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஏலே, நாப்பத்தெட்டுப் பேரு வரைக்கும் நான் தாங்குவேன். அதுக்கு மேல போச்சுன்னா காம்பராவுலேருந்து யாராச்சும் ஒரு ஆளு வேலைக்கு வந்தாகணும். வரலேன்னா வேற குடும்பத்துக்கு விட்டுருவாக. இது மொதலாளி போட்ட சட்டம், நான் போட்டதில்ல."

எங்களுக்கு வேறு வீடோ கையகல நிலமோ கிடையாது. நாற்பத்தெட்டுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே பன்னிரண்டு மிச்சம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினோம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு நாற்பது படி. சித்தியின் புருஷனும் நானும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். "இறக்குங்கடா, மாப்பிள்ள ஊர்வலமா போறீங்க," என்று படிக்குப் படி திட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கருக்கு நான்கு கால். எங்கள் லயத்தில் நான்கு காலும் ஒரேயடியாகத் தரையில் நிற்கிற இடம் காம்பராவுக்குள் ஒன்றரைச் சதுர கஜம்தான். வாசலில் வைத்தால் ஒரு கால் ஆடியது, கக்கூசுக்குப் போகிற பாதையில் இரண்டு கால் அந்தரத்தில் நின்றன. தட்டையான ஊரில் உட்கார்ந்து யாரோ யோசித்த சாமான். கடைசியில் ஒரு பழைய நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்தேன். அதைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். "பி.எஸ்ஸி.க்கு இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?"

பிறகு பார்க்க வருகிறவர்கள். ஒவ்வொருவராக வந்து, கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "அறுக்காமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறுத்தாயிற்று, இனி ஒட்டவா முடியும். ஒருவர் கத்திரிக்காய் கூடாது என்றார். இன்னொருவர் கருவாடு கூடாது என்றார். மூன்றாவது ஆள் கருவாட்டுக் குழம்பே கொண்டுவந்தார். எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தது நான். காலையில் சமைத்து, அவளைத் துடைத்து உட்கார வைத்து, நாலு கிலோமீட்டர் ஏறிப் பள்ளிக்கூடம் போய், அங்கே எட்டாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்திவிட்டு, இறங்கி வந்து மறுபடி சமைத்து, யாரென்றே தெரியாத ஒருவருக்குக் காப்பி.

ஆனாலும் அம்மா சொன்னபடி இருந்தாள். அதில் எனக்குப் பெருமை. அவளுக்கு உற்சாகமாக இருக்கட்டுமென்று, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் முப்பத்தாறு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மேலே 'செக்ரோல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு நாள் காலை ஊன்றாமல் இருந்தால் சாயங்காலம் ஒரு கோடு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கோடு போடத் தெரியும். பென்சிலை வாங்கித் தானே போட்டுக்கொள்வேன் என்றாள். தினமும் விளக்கேற்றியதும் பென்சிலைக் கேட்டு, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி கவனமாக ஒரு கோடு போடுவாள். முதலில் ஒரு வெள்ளி, ஒரு சனி. பிறகு திங்கள் முதல் சனி வரை ஆறு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போய், ஓர் ஓட்டல்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு டியூஷன் எடுத்துவிட்டு இருட்டி வருவேன். அன்றைக்குச் சித்தி பார்த்துக்கொள்வாள்.

முதல் திங்கட்கிழமை காலையில் கட்டைப் பிரித்தபோது உள்பஞ்சில் ரத்தம் இருந்தது. புதுப் புண், இருக்கும்தான் என்று விட்டேன். இரண்டாவது திங்கட்கிழமையும் இருந்தது. அந்த வியாழன் தையல் பிரிக்கப் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊன்றினீங்களாம்மா?"

"சத்தியமா ஒரு பேரு கூட ஊனலைங்க ஐயா."

"யாருமே ஊன்றலன்னா எப்படிப் பிரியுது?" என்று என்னைப் பார்த்தார். பாதித் தையலை மட்டும் பிரித்துவிட்டு, ஜாக்கிரதை என்று அனுப்பினார்.

மூன்றாவது திங்கட்கிழமை புண் ஓரம் வாய் பிளந்திருந்தது. எனக்கு வெறி பிடித்தது. கருவாட்டை நிறுத்தினேன். கத்திரிக்காயை நிறுத்தினேன். மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்கச் சொன்னேன். ராத்திரி தூக்கத்தில் எழுந்து நடக்கிறாளோ என்று வாசலில் பாத்திரத்தை அடுக்கி வைத்துப் படுத்தேன். சத்தம் கேட்டுப் பதறி எழுந்தால் பக்கத்து வீட்டு நாய். சித்தியைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"சித்தி, உண்மையச் சொல்லுங்க. நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் எந்திரிக்குதா?"

"நீ போறப்ப எப்படி ஒக்காந்திருக்கோ அப்படியேதான் கெடக்கு, பாவம். நாந்தான் பாக்குறேனே. தண்ணி கேட்டாக்கூட நாந்தான் மோந்து குடுக்கேன்."

சித்தி பொய் சொல்கிறவள் இல்லை. அம்மாவும் இல்லை. புண் மட்டும் திங்கட்கிழமை தோறும் பிளந்துகொண்டிருந்தது.

நான்காவது ஞாயிறு. முந்தின நாள் பூராவும் மழை. இருட்டோடு போய் நின்றால் பஸ் வரவில்லை. மலைப்பாதையில் மரம் சாய்ந்துவிட்டது, அறுத்து எடுக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கினேன். லயத்துக்கு மேலே இருக்கிற சவுக்குக்காட்டு வளைவில் பெண்கள் விறகுக் கட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு என்றால் லயத்தில் விறகு எடுக்கிற நாள். ஓரமாக ஒதுங்கி நின்றேன். மூன்றாவதாக வந்தது சித்தி. நான்காவதாக வந்தது அம்மா.

தலையில் விறகுக் கட்டு. கையில் ஊன்றுகோல். வலது காலில் கட்டுக்கு மேலே உரப்பை மாதிரித் தடித்த பாலிதீனைச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தாள். அதன் மேல், ஏழு மாதமாகப் பெட்டிமேல் இருந்த அந்த எம்.சி.ஆர். செருப்பு.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னா தம்பி, பஸ் வரலியா?"

விறகைப் பிடுங்கிக் கீழே போட்டேன். "என்னம்மா பண்ற?"

"வெறகு."

"கால ஊனக்கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"ஊனலியே."

"இப்ப ஊனிக்கிட்டுத்தான நிக்கிற?"

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம தம்பி," என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"ஞாயித்துக்கெழமன்னா?"

"ஞாயித்துக்கெழமைக்குப் பேர் கெடையாதே."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது தெரியாதா இவனுக்கு என்கிற பார்வை. சித்தி சொன்னாள், "அக்கா சொல்றது நாயந்தானப்பா. முப்பத்தாறு பேருன்னு நீதான சொன்ன. வாரத்துக்கு ஆறு பேரு அக்கா கட்டில்லேருந்து எறங்கல. ஏழாவது நாளு எந்தக் கணக்குல வரும்?"

"நான் சொன்னது வேலைக்கு, காலுக்கு இல்ல."

"காலுக்கு வேற கணக்கா?" என்றாள் அம்மா. உண்மையாகவே கேட்டாள்.

காம்பராவுக்கு வந்ததும் அவள் சுவரைக் காட்டினாள். "பாரு. பொய்யா ஒரு கோடு போட்டிருக்கனா? எண்ணிப் பாரு." எண்ணினேன். பத்தொன்பது முழுக் கோடு, கடைசி வாரத்தில் ஒன்று பாதிக் கோடு.

"இது என்ன பாதி?"

"அன்னிக்கி ரேசன் கடையில தீபாவளிச் சக்கர போடுறான்னாங்க. சித்திக்கு அட்டையப் பாத்து வாங்கத் தெரியாது. மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருந்துட்டு அப்புறம் போனேன். அதான் அரைப்பேரு போட்டேன்."

"நோவு எடுக்கலியா உனக்கு?"

"எடுக்காம இருக்குமா. மிச்சம் நோவு. நோவெடுக்குதுன்னு வெறகுக்குப் போகாம இருக்க ஏலுமா?" பிறகு கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டாள்: "ஆனா கட்டு நனையல. டாக்டரு சொன்னாரே, பாலித்தீன் சுத்திக்கிட்டுத்தான் போனேன். நாலு ஞாயித்துக்கெழமையும் ஒரு சொட்டு உள்ள போகல."

சண்டை போட நான் தயாராக இருந்தேன். யாரோடு போடுவது? அவள் என்னை ஏமாற்றவில்லை. சொன்ன சொல்லை அரைப்பேர் சுத்தத்துக்குக் காப்பாற்றியிருந்தாள். சொல்லைத் தப்பாகச் சொன்னவன் நான், அதைக் கட்டம் போட்டுச் 'செக்ரோல்' என்று தலைப்பும் எழுதிச் சுவரில் ஒட்டினவனும் நான். அந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கட்டமே போடவில்லை என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அந்த வியாழக்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் என்றால் என்ன என்பதில் தொடங்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உள்ளே கிழிந்திருந்ததைச் சுத்தம் செய்து மறுபடி தையல் போட்டார். "மொதல்லேருந்து ஆறு வாரம். நாப்பத்திரண்டு நாள். ராத்திரி பகல், ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேத்து. இந்தத் தடவையும் பிரிஞ்சா அந்தக் குதிகால வெச்சு மலை ஏற முடியாதும்மா. வீட்டுக்குள்ள நடக்கிறதுதான்." இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவையே டாக்டரிடம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமையும் ஒக்காரணும்," என்றாள், அநியாயம் என்கிற குரலில்.

நான்கு வாரம் போயிற்று, இன்னும் ஆறு. செக்ரோல் கணக்கில் இருபத்துநாலும் முப்பத்தாறும் அறுபது. நாற்பத்தெட்டுக்கு மேலே பன்னிரண்டு. கணக்கப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன்.

"பன்னெண்டு பேருதாங்க. கொஞ்சம் பாத்து விடக் கூடாதா?"

"வாத்தியாரே, ஒனக்கு விட்டா நாளைக்கு லயமே காலக் கட்டிக்கிட்டு ஒக்காந்துரும். பழம் எடுப்பு நேரம் வேற. ஒங்க காம்பராவுல ஆளு இல்லாமலா இருக்கு? இந்தா, முழுசா ஒண்ணு முன்னால நிக்குதே."

நான்தான் அந்த முழுசு. டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு. பன்னிரண்டு நாள் லீவு கேட்டபோது தலைமையாசிரியை, "அம்மாவுக்குக் கால்ல ஆபரேஷன், நீங்க காப்பி பறிக்கணுமா? ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார். விளக்க ஆரம்பித்து, பேர் என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். சம்பளமில்லாமல் கொடுத்தார்.

அம்மாவிடம் சொன்னதும் பூகம்பம். "சரிவுல நீ நிக்கக் கூடாதுன்னுதான உன்னப் படிக்க வச்சேன். கூடயக் கட்டிக்கிட்டுப் ஆளெண்ணுற பெரட்டுக்களத்துல எம் பேருக்கு நீ வந்து நிக்கிறதா? ஏலாது." முதல் நாள் வெள்ளனே நான் கிளம்பும்போது வாக்கரை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள், தானே போகப் போவதாக. இடது காலில் நின்றுகொண்டு, வலது காலை இறக்கப் போனாள்.

"எறக்கு," என்றேன். "எறக்கினா மறுபடி மொதல்லேருந்து. நான் இன்னும் முப்பத்தாறு பேரு பறிப்பேன். உனக்கு இஷ்டமா?"

கால் அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். பிறகு வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அந்த இரண்டு வாரமும் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை, காலையும் ஊன்றவில்லை.

பறிப்பு எனக்கு வரவில்லை. முப்பத்தைந்து கிலோ பறித்தால்தான் முழுப்பேர். செடிக்குள் கையை விட்டால் முசுறு எறும்பு கழுத்தில் இறங்கியது. காலில் அட்டை. பதினாலு வயசுப் பிள்ளைகளெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். "சார், பழம் செவப்பா இருக்கும், பச்சயா இருந்தா காய்," என்று என்னிடமே ஏழாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி பாடம் எடுத்தாள். சாயங்காலம் தராசில் பதினெட்டு, இருபது என்று நிற்கும். கணக்கப்பிள்ளை தலையை ஆட்டி, அரைக் கோடு போடுவார். நான் காம்பராவுக்கு வருமுன்னே எத்தனை கிலோ என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

பேசாமல் இருந்தவள் மூன்றாவது நாள் தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள். "ஒத்தக் கையால பறிக்கிறியா?"

"ஆமா. இன்னொரு கையால கொப்பப் பிடிச்சுக்கிறேன்."

"கொப்ப எதுக்குப் பிடிக்கிற, அது ஓடிருமா? இடுப்புல கயிறு போட்டு வளைச்சுக் கட்டு. ரெண்டு கையும் பழத்துக்கு." கட்டிலில் உட்கார்ந்தபடியே போர்வையைக் கொப்பாக வைத்துக் காட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவள் சொல்வது சரியாக வேறு இருந்தது. இரண்டாவது வாரத்தில் நாலைந்து முழுப்பேர் விழுந்தது அதனால்தான்.

அந்த ஆறு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரிய வேதனை. நான் டியூஷனை விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். வெளியே பெண்கள் விறகுக்குப் போவார்கள். "அக்கா, ஒன் காலுக்கு இன்னிக்கும் பெரட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பேர் விழாத நாளில் சும்மா இருப்பதைப் போல அவமானம் அவளுக்கு வேறில்லை. புதுத் தாளில் நாற்பத்திரண்டு கட்டம் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் அவள் கோடு போட மறுத்தாள். நானே போட்டேன்.

கடைசி வியாழக்கிழமை டாக்டரிடம் அவளோடு போனது சித்தி. இந்தத் தடவை இல்லாமல் போனவன் நான். என் பன்னிரண்டாவது பேர் அன்றைக்கு. நாள் முழுக்கப் பழத்தைப் பறித்தேனா இலையைப் பறித்தேனா என்று எனக்கே தெரியாது. புண் கூடியிருக்குமா, இல்லை இன்னும் ஒரு தாள் ஒட்ட வேண்டியிருக்குமா? இன்னொரு முப்பத்தாறுக்குப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள், காம்பராவும் நிற்காது.

சாயங்காலம் நான் தராசுக்கு வரிசையில் நிற்கும்போது படியில் அவள் இறங்கி வந்தாள். சித்தி பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தாள், பிடிக்க விடவில்லை. எம்.சி.ஆர். செருப்பு இரண்டு காலிலும். வலது குதிகாலை ஒவ்வொரு படியிலும் நிதானமாக, முழுசாக வைத்தாள். வைத்துவிட்டு ஒரு நொடி நின்று பார்த்தாள். அடுத்த படி.

நேரே என் கூடைக்கு வந்து கையை விட்டாள். "பச்சக் காயா கெடக்கே," என்றாள். இரண்டு வாரத்தில் மற்றவர்கள் முன்னால் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"என்னம்மா சொன்னாரு டாக்டர்?"

"கூடிருச்சுன்னாரு. நடக்கலாம்னாரு. மூட்ட தூக்குறது மட்டும் ரெண்டு மாசம் வேணாமாம்."

கணக்கப்பிள்ளை தராசை விட்டு நிமிர்ந்தார். "அப்ப நாளைக்கு வெள்ளனே களத்துக்கு வந்துரு. ஒக்காந்து காப்பி பொறுக்குற சோலி. ஒம் பேர அதுல போடுறேன். காம்பராவப் பத்தி இனி பேச்சில்ல." என் கூடை முப்பத்தாறு கிலோ நின்றது. முழுக் கோடு போட்டார்.

அம்மா நகரவில்லை. "என் பக்கத்தப் படிங்க," என்றாள் அவரிடம்.

"எதுக்கு இப்ப? வெரசாப் போயி காலத் தூக்கி வையி."

"படிங்க. எவ்வளவு போச்சுன்னு தெரியணும்ல."

அவர் நோட்டைப் புரட்டி, ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து விழாத பேரையெல்லாம் வாசித்தார். அவள் விரலை மடக்கினாள். "காலுக்கு முப்பத்தாறு. அது போகட்டும், அறுத்தா ஆறத்தான் செய்யணும். இவரு படிப்புக்கு இருபத்துநாலு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். "ஆக அறுவது."

"வாத்தியாரு போட்டது அஞ்சு முழுசு, ஏழு அரை. எட்டரை கெடக்கு," என்றார் கணக்கப்பிள்ளை.

"அதக் கழிங்க."

அவர் கழித்தார். அவளும் விரலில் கழித்துப் பார்த்துவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினாள். "சரிதானா தம்பி?"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. நோட்டை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை விரலால் தாண்டித் தாண்டி, பத்து வாரத்தையும் ஒவ்வொரு கட்டமாக எண்ணினேன். பின்னால் தராசுக்கு நின்றவர்கள் முனகினார்கள். எண்ணி முடித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரிதாம்மா. அம்பத்தொண்ணரைப் பேரு."